பாண்காரர் கொண்டுவந்த பாட்டு

குருநகர், யாழ்ப்பாணம்
14 ஜனவரி 2024

இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டிய நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படித் தொடங்குவதென்றும் தெரியவில்லை.

போன் எடுக்க வேண்டாம், ஏதாவது சொல்வதென்றால் எழுதுங்கள் என்று நான் சொன்னது உங்களைத் தண்டிக்க அல்ல. நீங்கள் எடுக்கும்போதெல்லாம் உங்கள் குரலுக்குப் பின்னால் அந்த வீடியோ ஓடுகிறது. எங்கள் பிள்ளை நிலூஜா பியானோ வாசிக்கும் சத்தம் கேட்கிறது. அதை நிற்பாட்டாமலே "சாப்பிட்டனீரோ?" என்று கேட்கிறீர்கள். நான் என்ன பதில் சொல்ல?

வருகிற மார்ச்சுடன் பிள்ளை போய் ஒரு வருசம். பதினாறு வயது. காய்ச்சல் என்று படுத்தவள், அது மூளைக்காய்ச்சலாகி, ஒரு கிழமைக்குள் இல்லாமல் போனாள். அதற்குப் பிறகு ஒஸ்லோவில், ரொம்சோஸ் வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் நீங்கள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் இருந்துகொண்டு அந்த வீடியோவைப் போடுவீர்கள். தொடக்கச் சத்தம் கேட்டதும் நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிடுவேன். அது ஓடி முடியும்வரை கோப்பைகளைக் கழுவுவேன். கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவுவேன். ஒரு நாளாவது எழும்பி வந்து "ஏன் ரஞ்சி?" என்று கேட்டீர்களா?

அந்தச் சத்தம் இல்லாத இடம் வேண்டுமென்றுதான் நவம்பரில் ஊருக்கு, கூடப்பிறந்த மலரக்காவிடம் வந்தேன். குருநகரில் பியானோ வைத்திருப்பவர் ஆர்? கடலும் மீனும் கோயில் மணியும் உள்ள இடம். நிம்மதியாகப் படுக்கலாம் என்று நினைத்தேன். வந்த மறுநாள் காலை, முகம் கழுவிக்கொண்டு நிற்கிறேன், வீட்டு முன் ஒழுங்கைக்குள் அதே பாட்டு வருகிறது! இரண்டு சுரம் மாறி மாறித் தட்டுப்பட்டுத் தொடங்குமே, அதேதான். நான் கிணற்றடியில் விறைத்துப்போனேன்.

மலரக்கா குசினியிலிருந்து கத்தினா. "என்னடி சிலை மாதிரி நிக்கிறாய்? அது பாண்காரன். ஓடிப்போய் ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வா, போயிடுவான்."

ஓட்டோவின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பேக்கரிப் பாணும் பணிஸும். கூரையில் ஒரு ஒலிபெருக்கி. இந்த நாட்டில் எந்த ஒழுங்கையிலும் இந்தப் பாட்டுக் கேட்டால் சனத்துக்குப் பாண் ஞாபகம் வருமாம். காலையும் வருகிறார், பின்னேரமும் வருகிறார். உலகத்தின் மற்றப் பக்கத்துக்கு ஓடிவந்தவளை அந்தப் பாட்டு மூன்று சில்லில் துரத்துகிறது.

இதை எழுதினால் சிரிப்பீர்களோ அழுவீர்களோ தெரியாது. எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டு எழுத வேண்டாம்.

ரஞ்சி


ரொம்சோஸ், ஒஸ்லோ
4 பெப்ரவரி 2024

அன்புள்ள ரஞ்சி,

உமது கடிதத்தை ட்ராம் டிப்போவில் சாப்பாட்டு நேரம் வாசித்தேன். பாண்காரரின் இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வெட்கமாகப் போய், மிச்சச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

இங்கே கடும் குளிர். தண்டவாளத்தில் ஐஸ் பிடித்து ட்ராம்கள் பிந்துகின்றன. சனம் சாரதிகள் எங்களைத்தான் திட்டுகிறது. சோறு வடிக்கிறேன், கறிதான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

அந்தப் பாட்டைப்பற்றி நீர் எழுதியதில் ஒன்று சரியில்லை. உம்மை நோகடிக்க நான் அதைப் போடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எழுத இருந்தால் வருகுதில்லை. முன்பு எழுதிய தாளைக் கிழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன கிழமை பல் வைத்தியரிடம் நேரம் கேட்டுப் போன் எடுத்தேன். காத்திருக்கச் சொல்லி, கிரீக் என்பவர் எழுதிய அந்தக் காலைநேர இசையைப் போட்டார்கள். அதை நான் வெகுகாலம் சொக்லேற் விளம்பரப் பாட்டென்றே நினைத்திருந்தேன். "அப்பா, அது எங்கட நோர்வேக்காரர் எழுதினது, விளம்பரக்காரர் பிறகுதான் எடுத்தவை" என்று நிலூஜா சொல்லித்தான் தெரியும். எங்கட நோர்வேக்காரர் என்று எவ்வளவு இயல்பாகச் சொன்னாள், நினைவிருக்கிறதா? வைத்தியரின் ஆள் போனை எடுத்ததும் என்ன கேட்க வந்தேன் என்பது மறந்துபோய் வைத்துவிட்டேன். பல் இன்னும் நோகிறது.

கேட்க வேண்டாம் என்றீர். ஆனாலும் மார்ச் ஒன்பதாம் திகதி பிள்ளையின் ஆண்டுப் பூசைக்குப் பாதரிடம் சொல்லியிருக்கிறேன். நீர் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்தும் போன் எடுத்தார்கள். சம்பளமில்லாத லீவு ஈஸ்டர் வரைக்கும்தானாம். கோயிலில் எல்லாரும் "ரஞ்சி எப்ப வாறா?" என்கிறார்கள். நான் "ஈஸ்டருக்கு" என்கிறேன். அது பொய்யா மெய்யா என்று நீர்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

செல்வம்


குருநகர்
25 பெப்ரவரி 2024

இஞ்சேருங்கோ,

பொய்தான். பூசைக்கு நான் வரவில்லை. சனத்துக்கு நடுவில் கறுப்புச் சீலையோடு நின்று, ஒவ்வொருவரும் கையைப் பிடித்து "கடவுளின்ரை சித்தம்" என்று சொல்வதை இன்னொரு தடவை கேட்க என்னால் ஏலாது.

இங்கே நான் ஒரு சண்டை போட்டிருக்கிறேன். பாண்காரரோடு. அவருடைய பெயர் ரிசாந். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல மனிசன். ஒரு காலை ஒழுங்கை முகப்பில் மறித்தேன்.

"தம்பி, இந்த ஒழுங்கைக்குள்ளை வரேக்கை பாட்டை நிப்பாட்டும்."

"என்னக்கா, பாட்டில்லாட்டி பாண் வந்தது ஆருக்குத் தெரியும்?"

"அப்ப வேறை பாட்டுப் போடும்."

"இது பெட்டியோடை வந்த பாட்டு. இதுக்குள்ளை வேறை ஒண்டும் இல்லை அக்கா. உங்களுக்கு என்ன, தலையிடியே?"

"ஓம். தலையிடிதான்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிற்பாட்டினார். அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிறார். சனத்துக்குப் பாண் தவறுகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வெறும் வயிற்றோடு போகின்றனவாம். முன்வீட்டுக்காரி மலரக்காவிடம் வந்து, "நோர்வேக்காரிக்குப் பாண்காரன்ரை பாட்டும் காதுக்குள்ளை குத்துதாமோ?" என்று கேட்டுவிட்டுப் போனா. மலரக்கா எனக்காகச் சண்டை பிடித்தா. பிறகு என்னோடும் பிடித்தா.

உங்களுக்குக் காரணம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒன்று இருக்கிறது. அதையும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் இருத்தி, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னபோது நீங்கள் என்ன கேட்டீர்கள்? "காரைக் கீழே விட்டிருக்கிறேன், பார்க்கிங் நேரம் முடிந்திருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?" அந்த டொக்டர் பெட்டை என்னைத்தான் பார்த்தா. நீங்கள் எழும்பிப் போனீர்கள். நான் தனிய இருந்தேன்.

அதற்குப் பிறகும் நீங்கள் அழுது நான் காணவில்லை. சவப்பெட்டியை இறக்கும்போதும் இல்லை. போனில் இருக்கும் பிள்ளையோடுதான் இருந்தீர்கள். என்னோடு இருக்கவில்லை.

எழுதிவிட்டேன். கடிதத்தை ஒட்ட முதல் மனம் மாறிவிடும் என்று பயந்து இப்போதே தபால் கந்தோருக்குப் போகிறேன்.

ரஞ்சி


ரொம்சோஸ்
24 மார்ச் 2024

ரஞ்சி,

பூசை முடிந்தது. எங்கள் சனம் எல்லாரும் வந்தார்கள், மண்டபத்தில் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தோம். பிறகு நான் தனியக் குரோருட் சேமக்காலைக்குப் போனேன். பனி முழங்காலளவு. கையால் தள்ளித்தான் கல்லில் பிள்ளையின் பெயரைக் கண்டேன். எனக்கு முன்பே ஆரோ ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்திருந்தார்கள். திரும்பினால் பெரித் நிற்கிறார், பிள்ளையின் பியானோ ரீச்சர். திகதியை நினைவில் வைத்து வந்திருக்கிறார்.

மெழுகுதிரியைக் காற்றுப் படாமல் இரண்டு பேருமாகக் கல்லோடு நகர்த்தி வைத்தோம். பிறகு அவர் கேட்டார்: "நேரமிருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். நிலூஜா படித்துக்கொண்டிருந்ததை முழுதாக வாசித்துக் காட்டுகிறேன்."

முழுதாக என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பாட்டு எனக்குப் பாடம் என்றுதான் நினைத்தேன். வழியில் உமது பாண்காரரைப்பற்றிச் சொன்னேன். பெரித் முதலில் சிரித்தார், பிறகு கையுறையால் கண்ணைத் துடைத்தார். "எல்லாரும் அந்த முதல் துண்டைத்தான் கேட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள்" என்றார். "ஒருவர் கைபேசியில் கேட்டிருப்பார், ஒருவர் கார்ட்டூனில், ஒருவர் குழந்தையின் விளையாட்டுப் பெட்டியில். அது கைக்கு வந்ததும் போய்விடுவார்கள். உங்கள் மகள்தான், மிச்சத்தையும் சொல்லித்தாருங்கள் என்று நின்றவள்."

வீட்டில் வாசித்தார். பேத்தோவன் எலீஸ் என்ற ஒரு பெண்ணுக்கு எழுதியதாம், அந்தப் பெண் ஆரென்று இன்றைக்கும் சரியாகத் தெரியாதாம். தொடக்கம் எங்களுக்குத் தெரிந்ததுதான். பிறகு ஒரு இடம் சிறுபிள்ளைகள் படியில் ஓடுவதுபோல் வந்தது. அதற்குப் பிறகு, ரஞ்சி, இடது கை ஒரே சுரத்தை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, கதவில் ஆரோ நின்று தட்டுவதுபோல. அதன் மேல் மற்றக் கை பெரிதாக எழும்பியது. எனக்குத் தாங்கவில்லை. எழும்பி வெளியே போய்விடலாம் போல் இருந்தது. நீர் ஏன் குசினிக்குள் போனீர் என்று அந்தக் கதிரையில் இருந்துதான் எனக்கு விளங்கியது. நான் போகவில்லை. கடைசியில் தொடக்கத்துத் துண்டே திரும்பி வந்தது. ஆனால் அதே துண்டாக எனக்குக் கேட்கவில்லை.

இனி அந்தப் பார்க்கிங் கதை. நீர் எழுதியது முழுக்க உண்மை. அப்படித்தான் கேட்டேன். ஏனென்றால், நான் கீழே போய் ஒரு சாதாரண அலுவலைச் செய்துவிட்டு மேலே வந்தால், டொக்டர் வேறு ஏதோ சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது அந்த அறைக்குள் மட்டும்தான் உண்மை, வெளியே போனால் மாறிவிடும் என்று ஒரு விசர் நினைப்பு. காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பார்க்கிங் நேரம் முடியவேயில்லை. அதைக் கண்டும் மேலே வராமல் காருக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டு இருந்தேன். உம்மைத் தனிய விட்டுவிட்டு வந்தேன் என்பது அப்போது என் தலையில் ஏறவில்லை.

வீடியோவின் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நீர் அதைக் கடைசிவரை கேட்டதில்லை. பாட்டுக்காக நான் அதைப் போடவில்லை. பிள்ளை ஒரு இடத்தில் பிழைவிட்டு நிற்பாள். திரும்பி என்னைப் பார்ப்பாள். "ஸ்லுத், அப்பா!" என்பாள், நிற்பாட்டுங்கோ என்று அவர்கள் மொழியில். பிறகு சிரித்துக்கொண்டு, "பிழைச்சுப்போச்சு. அம்மா வேலையாலை வரட்டும், அம்மாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டிறன்." அதோடு வீடியோ முடிகிறது.

அதனால்தான் நீர் வீட்டில் நிற்கும் நேரம் பார்த்துப் போட்டேன், நீர் ஊருக்குப் போன பிறகு உமக்குப் போன் எடுக்கும்போதும் போட்டேன். நீர் வந்து பக்கத்தில் இருப்பீர் என்று ஒவ்வொரு பின்னேரமும் நினைத்தேன். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் ரஞ்சி.

செல்வம்


குருநகர்
14 ஏப்ரல் 2024

இஞ்சேருங்கோ,

உங்கள் கடிதம் வந்த அன்று மலரக்கா என்னைக் கட்டிலால் எழுப்ப மாட்டாமல் போனா. முதலில் அழுதேன். பிறகு உங்கள்மேல் கோபம் வந்தது. அவளுடைய குரல் அந்த வீட்டுக்குள் இருந்தது, அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தது, நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பைப்பைத் திறந்து அதை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு சொல், "ரஞ்சி, வாரும்" என்று சொல்ல ஏலாமல் போயிற்றா? பிறகு யோசித்தால், நானும் ஒரு நாள்கூட "ஏன் இதைப் போடுறியள்?" என்று கேட்கவில்லை. உங்களைக் கேட்கச் சொல்லி எழுதினேன், நான் கேட்கவில்லை.

இங்கே ஒரு விசித்திரம். பாண்காரர் பாட்டை நிற்பாட்டிய பிறகும் எனக்கு அதே நேரத்துக்கு விழிப்பு வந்தது. வந்து, ஓட்டோவின் எஞ்சின் சத்தம் ஒழுங்கைக்குள் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன். அது வந்து போனால் மனம் வெறுமையாகப் போகும். எது வேண்டாமென்று சண்டை போட்டேனோ அதற்காகவே காத்துக் கிடந்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்துக்கு அடுத்த காலை ரிசாந்தை மறித்தேன்.

"தம்பி, பாட்டைப் போடும்."

"தலையிடி சுகமோ அக்கா?"

"சுகமில்லை. எண்டாலும் போடும். அது என்ரை மகள் வாசிக்கிற பாட்டு."

அவர் எஞ்சினை நிற்பாட்டினார். "அப்பிடியே? பியானோவோ? மகள் எங்கையக்கா, நோர்வேயிலையோ?"

"ஓம்," என்றேன். "நோர்வேயிலைதான்."

பொய் சொல்லவில்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள், குரோருட்டில், பனிக்குக் கீழே. நீங்கள் கையால் பனி தள்ளிக்கொண்டிருக்க, நான் இங்கே பாண் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பாணை வாங்காமலே வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அந்த வீடியோவை எனக்கு அனுப்ப வேண்டாம். ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு தனிய இருந்து அதைக் கேட்க எனக்குப் பலமில்லை. நீங்கள் வாருங்கள். ரொம்சோஸ் வீட்டுப் படி ஏற எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கோடை லீவு எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள்.

ரஞ்சி


ரொம்சோஸ்
12 மே 2024

ரஞ்சி,

லீவு கேட்டேன், தந்துவிட்டார்கள். ஜூலை முதற்கிழமை வருகிறேன். இது சின்னக் கடிதம்தான், ஆனால் ஒன்றை நான் வர முதல் நீர் அறிய வேண்டும்.

மே பதினேழாம் திகதித் தேசிய தின ஊர்வலத்துக்காகப் பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள் தெருத்தெருவாகப் பழகுகின்றன. போன புதன் காலை என் ட்ராமின் முன்னால் ஒரு குழு தெருவைக் கடந்தது. கடைசியில் ஒரு பெட்டை, பதினாறு வயதிருக்கும், பிந்திப்போய் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போது எனக்குக் கை காட்டி "மன்னியுங்கள்!" என்று சிரித்தாள். அவ்வளவுதான். பச்சை விளக்கு விழுந்தது, எனக்கு ட்ராமை எடுக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன் ரஞ்சி. சனம் நிறைந்த ட்ராம், பின்னால் இன்னொரு ட்ராம் மணியடிக்கிறது. ஒரு வயது போன நோர்வேக்காரி என் கதவைத் தட்டினா. திறந்தேன். ஒன்றும் கேட்காமல் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றா, மற்றச் சாரதி வந்து சேரும்வரை.

இப்போது சுகயீன லீவில் வீட்டில் நிற்கிறேன். நல்லாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். பல்லைக் காட்டிப் பிடுங்கியும் ஆயிற்று. வீடியோவை ஈஸ்டரிலிருந்து போடவில்லை. உம்மோடு இருந்து கேட்பதற்கு வைத்திருக்கிறேன்.

உமக்கு அங்கே என்ன கொண்டுவர? மலரக்காவுக்கு என்ன கொண்டுவர? அதை எழுதும்.

செல்வம்


குருநகர்
4 ஓகஸ்ட் 2024

இஞ்சேருங்கோ,

போனில் கதைக்கிறோம்தான். ஆனால் இதைப் போனில் சொன்னால் நடுவில் குரல் உடைந்துவிடும், நீங்களும் உடனே "சாப்பிட்டனீரோ?" என்று கதையை மாற்றுவீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் வந்த முதல் நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மீன் வாங்கப் போனோம், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனோம். மலரக்கா உங்களுக்குக் கூழ் காய்ச்சித் தந்தா. ஒருவரையொருவர் விருந்தாளி போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஞாயிறு பின்னேரம் மலரக்கா கோயிலுக்குப் போனதும் நீங்கள் போனை எடுத்து மேசையில் வைத்தீர்கள். "இருப்பீரோ?" என்று கேட்டீர்கள். "இருப்பன்" என்றேன்.

அவள் வாசித்தாள். நான் உங்கள் கையைப் பிடித்திருந்தேன், உங்களுக்கு நொந்திருக்கும். அவள் பிழைவிட்டாள். திரும்பினாள். என்னைப்பற்றிச் சொன்னாள். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் என்றுதான் பயந்தேன். வெடிக்கவில்லை. அவளுடைய மேலுதட்டில் பால் ஒட்டியிருந்தது, நீங்கள் கண்டீர்களா? நான்தான் காலையில் ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனது. அதைக் கண்டு நான் சிரித்தேன். நீங்கள் அழுதீர்கள். பிறகு நான் அழ நீங்கள் சிரித்தீர்கள். மலரக்கா வந்து வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனா.

இதை நீங்கள் அறிவீர்கள். அறியாதது இனித்தான். உங்களைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் நின்றேன். பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்தேன். உங்கள் ஈரத் துவாய் கொடியில் கிடந்தது. அதை எடுக்கப் போனவள் எடுக்காமல் நின்றேன். இத்தனை மாதமாக என் ஏக்கம் முழுக்கப் பிள்ளைக்குத்தான் போனது. வேறு ஆருக்கும் அதில் இடமில்லை என்று நினைத்திருந்தேன். அன்று கொடிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு உங்களைத் தேடியது. உங்கள் இருமல், உங்கள் சப்பாத்து, ஒவ்வொரு மாதிரி வருகிற உங்கள் கறி. உயிரோடு இருக்கிற ஒரு மனிதனுக்காக ஏங்கலாம், அதை அந்த மனிதனிடம் போய்ச் சொல்லவும் செய்யலாம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. முதலில் குற்ற உணர்வாக இருந்தது, பிள்ளையிடமிருந்து எதையோ எடுத்து உங்களுக்குத் தருவதுபோல. பிறகு அப்படியில்லை என்று பட்டது. அவளை நினைத்து அழ எனக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

செப்டெம்பர் முதற்கிழமை வருகிறேன். பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் கதைத்துவிட்டேன், வேலை இன்னும் இருக்கிறதாம். மலரக்கா இரண்டு நாள் கதைக்கவில்லை. இப்போது மிளகாய்த்தூள் இடித்துக்கொண்டிருக்கிறா.

வந்ததும் முதலில் குரோருட்டுக்குப் போவோம். பிறகு வீடு. நான் படியில் நின்றுவிட்டால் அவசரப்படுத்த வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள், ஏறிவிடுவேன். பெரித்தை ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். காரச்சாரம் குறைத்துச் சமைக்கிறேன்.

விமான நிலையத்துக்குப் பூ, பலூன் ஒன்றும் வேண்டாம். சனத்தோடு சனமாக நில்லுங்கள். அந்தக் கண்ணாடிக் கதவு திறந்ததும் நான் முதலில் தேடப்போவது உங்கள் முகத்தைத்தான்.

உங்கள்
ரஞ்சி